வறட்சி: எது வறண்டால் வறட்சி?

முதலில் எழுத்தைச் சரி செய்துகொள்வோம். வரட்சி இல்லை, வறட்சி. வல்லின ‘ற’. ‘வறள்’ என்ற வினையோடு ‘சி’ சேர்ந்து பிறந்த பெயர் இது. திரள் திரட்சி ஆனது போல, புரள் புரட்சி ஆனது போல, ஆள் ஆட்சி ஆனது போல, வறள் வறட்சி ஆனது. இடையின ‘ர’ போட்டு எழுதுவதை அடிக்கடி பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் மனசு உறுத்துகிறது, ஏனென்றால் ஓர் எழுத்து மாறினால் அந்தச் சொல் தன் சொந்தபந்தங்களிடமிருந்து அறுந்துபோகிறது. வறம், வறள், வறட்டு, வறுமை, வறியவர், வற்று, வற்றல் எல்லாம் ஒரே வேர். கன்னடத்தில் இது ‘பர’, நம் வகரம் அங்கே பகரம் ஆகும். தெலுங்கில் ‘வரபு’. மலையாளத்தில் ‘வரள்ச்ச’, அவர்கள் இடையின ‘ர’தான் எழுதுவார்கள், அது அந்த மொழியின் முறை, நாம் அதைப் பார்த்து மாற வேண்டியதில்லை.

இந்த வேரில் பிறந்த எதை எடுத்தாலும் உள்ளே ஒரே செய்திதான்: இருந்தது போய்விட்டது. கிணற்றில் நீர் இருந்தது, வற்றியது. கையில் பொருள் இருந்தது, வறுமை வந்தது. இந்த ‘இருந்தது’ முக்கியம். வறட்சியைக் கண்காணிக்கிறேன், அதை வைத்துத் தண்ணீர்ப் பங்கீடு போடுகிறேன் என்று உட்காரும் யாருக்கும் முதல் பாடமே அதுதான்.

ஆங்கிலத்தின் ‘டிரவுட்’ உலர்ந்தது என்ற பொருளுள்ள பழைய ஆங்கில அடியிலிருந்து வந்தது, ஸ்பானிய ‘செகியா’வுக்கும் அடி ‘உலர்’தான். சமஸ்கிருத ‘அனாவிருஷ்டி’ வேறு பக்கமிருந்து வருகிறது, விருஷ்டி என்றால் மழை, அது இல்லாமை அனாவிருஷ்டி. அது மழையை மட்டும் பார்க்கும் சொல். மழை ஓரளவு பெய்தும் வறட்சி வரும், ஒரு வாரம் கொட்டிவிட்டு ஒன்றரை மாதம் காய்ந்தால் வருடக் கணக்கில் மழை அளவு சரியாகவே இருக்கும், பயிர் மட்டும் இருக்காது. அதனால் அனாவிருஷ்டி போதாது.

பழந்தமிழில் ‘வற’ என்பதே வினையாக இருந்தது. ‘வானம் வறக்குமேல்’ என்கிறது குறள். இன்னோரிடத்தில் ‘மாரி வறங்கூர்ந்தனையது’ என்கிறது. சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரையில் பாண்டிய நாடு ‘மழைவறங்கூர்ந்து வறுமை எய்தி’யதாக வரும். எது வறண்டது என்பதைச் சேர்த்தே சொல்லியிருக்கிறார்கள்: வானம் வறந்தது, மாரி வறந்தது, மழை வறந்தது. இன்று நாம் வெறும் ‘வறட்சி’ என்று நிறுத்திவிடுகிறோம்.

இன்னொரு குழப்பம், வறண்ட நிலத்தையும் வறட்சியையும் ஒன்றாக்குவது. சஹாரா வறண்ட நிலம், அங்கே மழையில்லாமல் இருப்பது அதன் இயல்பு, அதை வறள்நிலை என்று சொல்லலாம். வறட்சி என்பது இயல்பிலிருந்து விழுவது. நல்ல மழை பெறும் ஊரில் 1,500 மில்லிமீட்டர் பெய்ய வேண்டிய வருடத்தில் 900 பெய்தால் அது வறட்சி, அதே 900 இன்னோரிடத்தில் அமோக வருடம். இதைச் சிலப்பதிகாரத்தைவிடத் தெளிவாக யாரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை: முல்லையும் குறிஞ்சியும் ‘முறைமையின் திரிந்து நல்லியல்பு இழந்து’ நடுங்கும் துயரம் தந்து, பாலை என்ற படிவம் கொள்ளும் என்கிறது. பாலை அங்கே நிலையான பாலைவனம் இல்லை. காடும் மலையும் தம் இயல்பை இழந்தபோது எடுக்கும் வடிவம். நல்லியல்பு இழத்தல், அதுதான் வறட்சிக்கு இலக்கணம்.

சரி, இயல்பு எது என்று எப்படித் தெரியும்? குறைந்தது 30 வருட மழைக் கணக்கு வேண்டும். 1993-இல் மெக்கீ, டோஸ்கன், கிளைஸ்ட் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் ஓர் அளவுகோல் கொடுத்தார்கள், தமிழில் அதை ‘செந்தர மழைச் சுட்டெண்’ எனலாம். அந்த இடத்தின் சொந்த வரலாற்றோடு இந்தக் கால மழையை ஒப்பிடும். பூஜ்யம் என்றால் வழக்கம், மைனஸ் 1-க்குக் கீழே போனால் மிதமான வறட்சி, மைனஸ் 1.5 கடுமை, மைனஸ் 2 அதிகடுமை. உலக வானிலை அமைப்பு 2009-இல் இதையே எல்லா நாடுகளுக்கும் பரிந்துரைத்தது. இதில் எனக்குப் பிடித்தது, ஒரே இடத்துக்கு ஒரு மாதம், 3 மாதம், 12 மாதம் என்று தனித்தனியாகக் கணக்குப் போடலாம் என்பது. 3 மாத எண் வயலைப் பற்றிப் பேசும், 12 மாத எண் அணையையும் நிலத்தடி நீரையும் பற்றிப் பேசும், இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராகவும் நிற்கும்.

அங்கேதான் ‘எது வறண்டது’ என்ற கேள்வி திரும்பி வருகிறது. 1985-இல் வில்ஹைட், கிளான்ட்ஸ் இருவரும் வறட்சிக்கு இருந்த 150-க்கும் மேற்பட்ட வரையறைகளைப் பார்த்துவிட்டு நான்கு வகையாகப் பிரித்தார்கள். பாடநூல் தமிழில் அவை வானிலை வறட்சி, வேளாண் வறட்சி, நீரியல் வறட்சி, சமூகப் பொருளாதார வறட்சி. தவறில்லை, ஆனால் வேளாண் வறட்சி என்று கேட்டால் எது வறண்டது என்று புரிவதில்லை. மழை வறட்சி, மண் வறட்சி, நீர்நிலை வறட்சி என்று சொல்லிப் பாருங்கள், யாருக்கும் விளக்க வேண்டாம். நான்காவதற்குத் தட்டுப்பாடு என்ற சொல்லே இருக்கிறது.

மண் வறட்சியைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டும் என்றில்லை. ஒரு சாண் ஆழம் தோண்டி, ஒரு பிடி மண்ணை எடுத்து இறுக்கிப் பிடித்துக் கையை விரியுங்கள். உருண்டை நின்று, அதன்மேல் விரல் தடமும் நின்றால் ஈரம் இருக்கிறது. விரித்ததும் பொலபொலவென்று உதிர்ந்தால் போய்விட்டது. களிமண் மட்டும் ஏமாற்றும், தொட்டால் சில்லென்று இருக்கும், ஆனால் பயிர் துவளும், ஏனென்றால் அந்த ஈரத்தை மண் இறுகப் பிடித்து வைத்திருக்கிறது, அந்தப் பிடி சுமார் 15 பார் அழுத்தத்தைத் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மேல் இருக்கும் காற்றின் அழுத்தம்) தாண்டிவிட்டால் பெரும்பாலான பயிர்களின் வேரால் அதை இழுக்க முடியாது. அதற்குப் பெயர் நிலைத்த வாடல் நிலை. மக்காச்சோளத்தைக் கவனித்தால் அந்த எல்லை நெருங்குவது தெரியும்: மத்தியானம் இலை குழல் போலச் சுருண்டு சாயங்காலம் விரிந்தால் இன்னும் தாக்குப்பிடிக்கிறது என்று பொருள், விடிகாலையிலும் சுருண்டே இருந்தால் வேருக்கு எட்டிய ஈரம் தீர்ந்துகொண்டிருக்கிறது, பயிரைக் காப்பாற்ற அன்றே தண்ணீர் விட்டாக வேண்டும். செயற்கைக்கோள் படத்தில் அந்த வயலின் பச்சை மங்குவது இதற்குப் பிறகுதான் தெரியும். அப்புறம், நல்ல மழைக் காலத்துக்கு நடுவிலேயே கடும் வெயிலும் காற்றும் சேர்ந்து சில வாரங்களில் மண்ணை உறிஞ்சிவிடுவதும் உண்டு, அதைத் திடீர் வறட்சி என்கிறார்கள், பொருத்தமான பெயர்.

நீர்நிலை வறட்சி மெதுவாக வரும், மெதுவாகவே போகும். பங்கீட்டுத் திட்டம் நிற்பது இதன்மேல்தான். அணையில் இருப்பதையெல்லாம் பாசனத்துக்கு என்று எழுதக் கூடாது, மதகுக்குக் கீழே நிற்கும் நீர் வராது, ஆவியாகப் போவது போகும், குடிநீரை முதலில் எடுத்து வைக்க வேண்டும். மீதியில் 1 கோடி கன மீட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஹெக்டேரில் 1 மில்லிமீட்டர் நீர் என்றால் 10 கன மீட்டர். நெல்லுக்கு 1,200 மில்லிமீட்டர் என்று கணக்கிட்டால் ஒரு சொட்டுகூட வழியில் வீணாகாமல் 833 ஹெக்டேர்தான் விளையும், 300 மில்லிமீட்டரில் முடியும் பயறு வகை என்றால் 3,333 ஹெக்டேர். இந்தக் கணக்கு விதைப்பதற்கு முன்பே விவசாயி கைக்குப் போக வேண்டும். நட்ட பிறகு தெரிந்து என்ன பயன்? தலைமடைக்காரர் நட்டுவிடுவார், கடைமடையில் பயிர் மணி பிடிக்காமல் சாவியாகும். முறைப்பாசனத்தை, அதாவது முறை வைத்துத் தண்ணீர் விடுவதை, வறட்சி முற்றிய பிறகு அறிவிப்பதும் அப்படித்தான்.

பஞ்சம் இதற்கெல்லாம் பிறகு வருவது, வராமலும் போகலாம். வறட்சி நீரைப் பற்றியது, பஞ்சம் சோற்றைப் பற்றியது. களஞ்சியமும் வழங்கலும் சரியாக இருந்தால் வறட்சி பஞ்சமாக வேண்டிய அவசியமே இல்லை. இரண்டையும் மாற்றி மாற்றி எழுதுகிறவர்கள், பஞ்சத்தின் பொறுப்பை வானத்தின் தலையில் கட்டிவிடுகிறார்கள்.

வற்கடம் என்றொரு பழைய சொல்லும் உண்டு, இன்று வழக்கில் இல்லை, பல வருடம் நீளும் வறட்சிக்கு அதைத் திரும்பக் கொண்டுவரலாம் என்பது என் ஆசை. இறையனார் களவியல் என்ற பழைய இலக்கண நூலின் உரையில் பாண்டிய நாட்டுக்குப் ‘பன்னீரியாண்டு வற்கடம்’, பன்னிரண்டு வருட வறட்சி, வந்த கதை இருக்கிறது. இனி உங்களைக் காப்பாற்ற என்னால் முடியாது என்று புலவர்களை அனுப்பும் அரசன், ‘நாடு நாடாயின ஞான்று’, அதாவது நாடு மறுபடி நாடான அன்று, என்னை நினைத்து வாருங்கள் என்கிறான். மழை பெய்த அன்று வாருங்கள் என்று சொல்லவில்லை. முதல் மழைக்கு மழை வறட்சி போகும், மண் நனைய இன்னும் சில மழை வேண்டும், ஏரியும் அணையும் நிறைய ஒரு பருவம் ஆகும், ஆழத்து நீர் பழைய மட்டத்துக்கு ஏற வருடங்கள்கூட ஆகும்.