ஞானஸ்நானமா, திருமுழுக்கா?

முதலில் ஓர் எழுத்துப்பிழையைத் தீர்த்துவிடலாம். மதுரைப் பக்கம் ஃபிளெக்ஸிலும் அழைப்பிதழிலும் 'ஞானஸ்தானம்' என்று அடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஸ்தானம் என்றால் இடம். பிள்ளைக்கு இடம் பிடித்துக் கொடுக்கும் விழா இல்லை இது. தண்ணீரில் முக்கியோ தலையில் ஊற்றியோ ஒருவரைக் கிறிஸ்தவ சபையில் சேர்க்கும் சடங்கு. ஞானம் + ஸ்நானம் = ஞானஸ்நானம்.

இரண்டுமே வடசொற்கள். ஸ்நானம், குளியல். ஞானம் என்பது இங்கே படிப்பறிவு அல்ல. 'ஆன்மாவுக்குரிய' என்ற பொருளில் முன்னால் ஒட்டுவது. ஞானத்தந்தை, ஞானப்பாட்டு, ஞான ஒடுக்கம் எல்லாம் இந்த வகைதான். 1606-ல் மதுரைக்கு வந்து தத்துவ போதகர் என்று பெயர் பெற்ற ராபர்ட் தெ நோபிலி இப்படி வடசொற்களை எடுத்தே கிறிஸ்தவத்தைப் பேசினார். அவர் நூலின் பெயரே ஞானோபதேசம். அந்த நடையின் வாசனை இந்தச் சொல்லிலும் அடிக்கிறது.

மூலச்சொல் கிரேக்கத்தில் பாப்டிஸ்மா. முக்குதல், அமிழ்த்துதல் என்று பொருள். அதன் வேரான பாப்டோ, துணியைச் சாயத்தில் முக்குவதற்கும் வரும். சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடும் மதுரையில் இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. அப்படியானால் ஆளை முழுதாக அமிழ்த்த வேண்டியதுதானே என்றால், பைபிளில் மாற்கு 7:4-ல் செம்பும் கிண்ணமும் கழுவுவதற்கும் இதே சொல்லின் இன்னொரு வடிவம்தான் வருகிறது. அகராதி தீர்ப்புச் சொல்லாமல் நழுவிவிடுகிறது.

வசனமும் அப்படித்தான். பைபிளின் அப்போஸ்தலர் நூல் 8-ஆம் அதிகாரத்தில் காசாவுக்குப் போகிற வழியில் எத்தியோப்பிய மந்திரி தண்ணீரைக் கண்டதும் ரதத்தை நிறுத்தச் சொல்கிறார். மந்திரியும் அவருக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் பிலிப்புவும் தண்ணீரில் இறங்குகிறார்கள், பிறகு கரையேறுகிறார்கள். "இறங்கினார்கள், ஏறினார்கள் என்று இருக்கிறதே, தெளிப்பதற்கு எதற்கு இறங்கணும்?" என்பார்கள், ஆளை முழுதாக முக்கித்தான் எடுக்க வேண்டும் என்னும் பெந்தெகொஸ்தே சபையார். நல்ல கேள்விதான். ஆனால் இறங்கியவர்கள் இரண்டு பேர். இறங்கினாலே முழுகியதாகிவிடும் என்றால் பிலிப்புவும் அன்று முழுகியிருக்க வேண்டும்! என்னைக் கேட்டால், அந்த வசனம் தண்ணீர் முழங்கால் அளவா கழுத்தளவா என்று சொல்லவேயில்லை.

அடுத்த சண்டை வயது பற்றியது. அதே நூலின் 16-ஆம் அதிகாரத்தில் பிலிப்பி சிறைக்காவலனும் அவன் வீட்டார் அனைவரும் ராத்திரியோடு ராத்திரியாக ஞானஸ்நானம் பெறுகிறார்கள். வீட்டார் என்றால் கைக்குழந்தையும் சேர்த்திதானே என்பது கத்தோலிக்கரும் சி.எஸ்.ஐ. என்னும் தென்னிந்தியத் திருச்சபைக்காரர்களும் படிக்கும் விதம். அடுத்த வசனத்தைப் பாருங்கள், வீட்டார் அனைவரோடும் விசுவாசித்து மகிழ்ந்தான் என்றிருக்கிறது, குழந்தை எப்படி விசுவாசிக்கும் என்பது மற்றவர்கள் பதில். இந்த இரண்டு சண்டைகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகளில் கைக்குழந்தையையே மூன்று முறை தண்ணீரில் அமிழ்த்தி எடுப்பார்கள்.

எந்தச் சபைக்காரர் பேசுகிறார் என்பதை ஞானஸ்நானம் என்ற பெயர்ச்சொல் காட்டிக்கொடுக்காது, வினைச்சொல் காட்டிவிடும். கீழவெளி வீதி பேராலயப் பக்கம், "பிள்ளைக்கு ஞானஸ்நானம் குடுத்தாச்சா?" பெந்தெகொஸ்தே ஜெபக்கூட்டத்தில், "அண்ணே, ஞானஸ்நானம் எடுத்துட்டீங்களா?" ஒரு பக்கம் கொடுப்பது, இன்னொரு பக்கம் தானே முடிவுசெய்து எடுப்பது. அத்தனை இறையியலும் இந்த இரண்டு வினைக்குள் அடக்கம்.

தமிழ்ச் சொல் திருமுழுக்கு. 1995-இல் வந்த பொதுமொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் இதுதான் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், தலையில் தண்ணீர் ஊற்றும் கத்தோலிக்கர் அதைத் திருமுழுக்கு என்கிறார்கள். ஆளையே முக்கி எடுப்பவர்கள் ஞானஸ்நானத்தை விடுவதாயில்லை. பிரித்துச் சொல்ல வேண்டி வந்தால் 'முழுக்கு ஞானஸ்நானம்' என்பார்கள், அதாவது குளியலுக்குமேல் குளியல்.

இதில் கத்தோலிக்கரைக் குறை சொல்ல முடியாது. தமிழில் முழுக்கு என்றால் ஆற்றில் மூழ்குவது மட்டுமில்லை. 2009-இல் மீனாட்சியம்மன் கோயிலில் நடந்ததும் குடமுழுக்குதான். அங்கே கலசத்தில் ஊற்றத்தான் செய்தார்கள். எண்ணெய் தேய்த்துத் தலைமுழுகுவதும் செம்பால் மொண்டு ஊற்றித்தான். அப்புறம், குடிக்கு முழுக்குப் போட்டான் என்கிறோமே, பழையதை அறவே விடுவது என்ற அந்தப் பொருளும், ஞானஸ்நானத்தைப் பழைய வாழ்வின் அடக்கமாகப் பார்க்கும் ரோமர் 6:4-க்கு அருகில் வந்துவிடுகிறது. ஞானஸ்நானத்துக்கு இந்த ஆழம் கிடையாது. என் ஓட்டு திருமுழுக்குக்கு.

இயேசுவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவரின் பெயரும் கூடவே மாறியிருக்கிறது. பழைய கத்தோலிக்கப் பாட்டிகளுக்கு ஜூன் 24 ஸ்நாபக அருளப்பர் திருநாள். சி.எஸ்.ஐ. பாட்டி படிக்கும் வேதாகமத்தில் அவரே யோவான்ஸ்நானன். பேரன் கையிலுள்ள திருவிவிலியத்தில் திருமுழுக்கு யோவான். மூன்று பேர் என்று நினைத்துக்கொண்டிருந்த வயது எனக்கும் இருந்தது.