மீன் ஆற்றில் இல்லையா, வலையில் இல்லையா?

சாக்கடை கலக்கும் நகர ஆற்றில் மீன்களைக் கணக்கெடுக்க வலையோடு இறங்கினால், பாலத்தின் மேலிருந்து யாராவது கேட்பார்கள்: "இதுல ஏது சார் மீனு?" வலை காலியாக வந்தால் அவர் சொன்னதுதான் சரி என்று தோன்றும். பல நாள் கோளாறு வலையில்தான்.

செவுள் வலையில் அதன் கண்ணிக்கு, அதாவது ஓட்டையின் அளவுக்கு, ஏற்ற மீன்தான் மாட்டும். ஒரே கண்ணியில் வருடம் முழுக்கப் பிடித்தால், ஆற்றிலுள்ள மீனெல்லாம் ஒரே அளவு என்று அறிக்கை எழுத வேண்டியதுதான். அதனால் சிறிதும் பெரிதுமாகப் பல கண்ணித் துண்டுகளைக் கோத்து விரிக்கிறோம். வீச்சு வலை அடியில் கிடக்கும் கம்பியில் சிக்கிக் கிழியும். மின்சாரம் பாய்ச்சி மயக்கிப் பிடிக்கும் முறை ஓடைகளில் அருமை; உப்பும் கழிவும் கரைந்த நீரிலோ மின்சாரம் மீனைச் சுற்றிக்கொண்டு ஓடிவிடும். அப்படியே மயங்கினாலும், கறுப்புத் தண்ணீரில் கண்ணுக்குத் தெரிய வேண்டுமே! (1957-இல் உயிரற்றது என்று சொல்லப்பட்ட லண்டனின் தேம்ஸ் ஆற்றில், 1974-இல் சால்மன் அகப்பட்டது ஓர் அனல்மின் நிலையம் நீர் உறிஞ்சும் வாயின் சல்லடையில்.)

இப்போது எல்லோரும் கேட்பது மீன்களிலிருந்து உதிர்ந்து நீரில் கலந்திருக்கும் டிஎன்ஏவை. ஒன்றிரண்டு லிட்டர் நீரை வடிகட்டி ஆய்வகத்துக்கு அனுப்பினால் இனப் பட்டியலே வந்துவிடும். எனக்கு வந்த முதல் பட்டியலில் சூரையும் மத்தியும் இருந்தன, கடலோ வெகுதூரம். வீடுகளில் மீன் கழுவிய நீர் சாக்கடை வழியே வந்திருக்கிறது. அந்தப் பெயர்களை அடித்துவிட்டுத்தான் படிக்க வேண்டும். மீன் உயிரோடு இருக்கிறதா, எந்த அளவு, நோய் உண்டா என்பதை டிஎன்ஏ சொல்லாது. அதற்கு மீனைக் கையில் எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

நேரமும் முக்கியம். பகலில் பாசி ஆக்சிஜனை வெளிவிடுவதால் மதிய அளவீடு நம்மை ஏமாற்றும். விடியலுக்குச் சற்று முன் போனால், மீன்கள் மேலே வந்து வாய் பிளப்பது தெரியும். ஆக்சிஜன் மிகக் குறைவது அப்போதுதான். காற்றைச் சுவாசிக்கும் விரால் மட்டும் அலட்டிக்கொள்ளாது.

எண்ணிக்கையைப் பார்த்து மகிழக் கூடாது. 1981-இல் அமெரிக்க உயிரியலாளர் ஜேம்ஸ் கார் முன்வைத்த உயிரின ஒருமைக் குறியீடு (மீன்களை வைத்து ஆற்றின் நலத்துக்கு மதிப்பெண் போடும் முறை), எத்தனை மீன் என்பதோடு நிற்பதில்லை. எத்தனை இனம், எதைத் தின்பவை, அழுக்கைத் தாங்குபவை எவ்வளவு, புண்ணும் துடுப்பு அழுகலும் எத்தனை மீனுக்கு என்றெல்லாம் கேட்கிறது. அழுக்கைத் தாங்கும் திலேப்பியா வாளி நிறையக் கிடைத்தால் மதிப்பெண் ஏறாது.

எத்தனை வீச்சு வீசினோம் என்பதையும் குறித்துக்கொள்வோம். காலியாக வந்தவையும் அதில் சேர்த்தி. போன முறை என் குறிப்பேட்டில் இருந்தது: இருபது வீச்சு, பன்னிரண்டு காலி, மீதியில் திலேப்பியா, கடைசி வீச்சில் அயிரை ஒன்று. அளந்து, படம் எடுத்து, அதே மணல் திட்டின் ஓரம் விட்டோம்.