பொன்னேரிப் பக்கம் அரை ஏக்கர் வாங்குகிறீர்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன்

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருக்காரர் ஒருவர், ரிட்டயர் ஆன பணத்தைப் போட்டு பொன்னேரி தாண்டி 50 சென்ட் நஞ்சை வாங்கினார். பட்டா இருந்தது, வில்லங்கச் சான்றில் (சொத்தின் மீது பதிவான பரிவர்த்தனைகளின் பட்டியல்) எதுவும் இல்லை, பத்திரமும் பதிவானது. எட்டே மாதத்தில், விற்றவரின் தங்கை பங்கு கேட்டு வழக்குப் போட்டார். இன்றுவரை அங்கே ஒரு வாழைக்கன்றுகூட அவரால் வைக்க முடியவில்லை.

பத்திரம் பதிவானால் நிலம் நமக்கே சொந்தம் என்று அரசு உறுதி தருவதில்லை. பட்டாவும் வருவாய்த்துறைப் பதிவுதான், அது மட்டும் உரிமை ஆகாது. அதனால் முதல் கேள்வி, இது பூர்வீகச் சொத்தா என்பது. ஆமாம் என்றால் வாரிசுச் சான்றிதழை வாங்கிப் பார்த்து, பெண் பிள்ளைகள் உட்பட எல்லோரையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். "கல்யாணத்துக்கே நகை போட்டாச்சு" என்ற பேச்சு கோர்ட்டில் நிற்காது.

கூட்டுப் பட்டாவில் நாலு பேரில் ஒருவர் மட்டும் விற்க வந்தால், உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்கி வரச் சொல்லுங்கள். "பதிவு முடிஞ்சதும் பாத்துக்கலாம்" என்பதற்குத் தலையாட்டினால் அலைச்சல் உங்களுடையது. வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்) சர்வேயரைக் காட்டுவார், சர்வேயர் தாலுகா ஆபீசைக் காட்டுவார், அங்கே ஒரு வரி எழுதி மனுவைத் தள்ளிவிடுவார்கள். வேலைக்கு லீவு போட்டுப் போகிறவர்கள் எத்தனை நாள்தான் நடப்பது? மனு எண்ணைக் குறித்து வையுங்கள். மறுத்தால் காரணத்தை விளக்கமாக எழுத்தில் கேளுங்கள்.

வில்லங்கச் சான்றைக் குறைந்தது 30 வருஷத்துக்குப் போட்டுப் பாருங்கள். ஆனால் பதிவு செய்யாத உயிலும் ஒப்பந்தமும் அதில் வராது. தாய்ப்பத்திரத்தின், அதாவது விற்பவருக்குச் சொத்து வந்த முந்தைய பத்திரத்தின், அசலைக் கண்ணால் பாருங்கள். ஜெராக்ஸ் மட்டும் காட்டினால் அசல் எங்கோ அடமானத்தில் இருக்கலாம்.

விலை சந்தேகப்படும் அளவுக்குக் குறைவா? பஞ்சமி நிலமா என்று விசாரியுங்கள். 1892 முதல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒப்படைக்கப்பட்ட நிலம் அது. மற்றவர்கள் வாங்கினால், எத்தனை கை மாறியிருந்தாலும் செல்லாது. வி.ஏ.ஓ.விடம் 'அ' பதிவேட்டை (ஊர் நிலங்களின் வகையும் உரிமையாளரும் எழுதிய பதிவேடு) கேளுங்கள், யூ.டி.ஆருக்கு (நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த அரசுத் திட்டம்) முந்தைய பதிவையும் சேர்த்து. கோயில் நிலமும் ஏரிப் புறம்போக்கும் அங்கேதான் பிடிபடும்.

உரிமையாளருக்குப் பதிலாக விற்கும் அதிகாரப் பத்திரம், அதாவது பவர், வைத்திருப்பவர் விற்கிறாரா? பவர் கொடுத்தவரை நேரில் பாருங்கள், அவர் இறந்தாலே அந்த பவர் போய்விடும். கடைசியாக, புலப்படத்தை (நிலத்தின் சர்வே வரைபடம்) கையில் எடுத்துக்கொண்டு வயலுக்கு நடந்து போங்கள். படத்தில் பாதை இல்லாமல் அடுத்தவர் வரப்பில்தான் போக முடிகிறது என்றால், அட்வான்சைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.