எல்.ஐ.சி.யில் விற்றது பங்கைத்தான், உங்கள் பாலிசியை அல்ல

காப்பீட்டு ஆலோசகராக நான் அலுத்துப்போகும் அளவுக்குக் கேட்டுவிட்ட வாக்கியம் இது: "எல்.ஐ.சி.யைத் தனியாருக்கு விற்றுவிட்டார்களாமே, அதனால்தான் சரண்டர் செய்துவிட்டேன்." முதிர்வுக்கு முன்பே பாலிசியை முடித்துப் பணத்தை வாங்கிக்கொள்வதுதான் சரண்டர். கடைசியாகச் சொன்னவர் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர். இருபது வருட பாலிசி, முதிர்வுக்கு மூன்று பிரீமியம்தான் பாக்கி. சரண்டர் தொகை வங்கியில் வரவான சீட்டையும், அந்தப் பணத்தில் வேறொரு நிறுவனத்தில் எடுத்த புதிய பாலிசியின் பாண்டையும் (பத்திரத்தையும்) மேஜையில் வைத்தார். காத்திருந்தால் கிடைத்திருக்கும் முதிர்வுத் தொகையைக் கணக்கிட்டுக் காட்டியதும் அவர் முகம் வாடிவிட்டது.

நடந்தது என்ன? 2022 மே மாதம் மத்திய அரசு தன் கையிலிருந்த பங்குகளில் 3.5 சதவீதத்தை 949 ரூபாய் விலையில் பொதுமக்களுக்கு விற்றது. மீதி 96.5 சதவீதம் அரசிடமே இருந்தது. 2021இல் திருத்தப்பட்ட எல்.ஐ.சி. சட்டத்தின்படி, பொதுமக்களுக்குப் பங்கு விற்றதிலிருந்து முதல் ஐந்து ஆண்டுகளுக்கு அரசின் பங்கு 75 சதவீதத்துக்கும், அதன் பிறகு எப்போதும் 51 சதவீதத்துக்கும் கீழே போகக் கூடாது. பங்குச் சந்தையில் முதல் நாளே விலை 867 ரூபாயில் தொடங்கியது. பயம் அங்கேதான் பிறந்தது. பங்கு விலை இறங்கினால் நஷ்டம் பங்கு வாங்கியவருக்கு. உங்கள் காப்பீட்டுத் தொகையில் ஒரு ரூபாயும் அதனால் குறையாது. பாலிசிதாரர் வேறு, பங்குதாரர் வேறு. இரண்டுமாக இருப்பவருக்கும் கணக்கு தனித்தனிதான்.

இதைவிட முக்கியமானது எல்.ஐ.சி. சட்டத்தின் 37ஆவது பிரிவு. காப்பீட்டுத் தொகைக்கும் அறிவிக்கப்பட்ட போனஸுக்கும் மத்திய அரசு உத்தரவாதம் தருகிறது. பங்கு விற்பனைக்குப் பிறகும் அந்தப் பிரிவு சட்டத்தில் அப்படியே இருக்கிறது. அது சும்மா வந்த பிரிவு அல்ல. 1956க்கு முன்பு ஆயுள் காப்பீடு தனியார் கையில் இருந்தது. மக்கள் கட்டிய பிரீமியத்தை முதலாளிகள் தங்கள் சொந்தத் தொழில்களுக்குத் திருப்பினார்கள். தொழிலதிபர் டால்மியாவின் பாரத் காப்பீட்டு நிறுவன ஊழலை 1955 டிசம்பரில் எம்.பி. பெரோஸ் காந்தி நாடாளுமன்றத்தில் அம்பலப்படுத்தினார். அடுத்த மாதமே, 1956 ஜனவரி 19 அன்று, அவசரச் சட்டம் வந்தது. இந்திய, வெளிநாட்டு நிறுவனங்களும் சேமநிதிச் சங்கங்களுமாக 245 அமைப்புகள் அரசின் வசமாயின. செப்டம்பர் 1 அன்று 5 கோடி ரூபாய் மூலதனத்தில் எல்.ஐ.சி. பிறந்தது.

குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. சென்னையில் தலைமையகம் கொண்ட யுனைடெட் இந்தியா போன்ற பொதுக் காப்பீட்டு நிறுவனங்களில் அரசு குறைந்தது 51 சதவீதப் பங்கை வைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் 2021இல் உண்மையாகவே நீக்கப்பட்டது. அது வாகன, தீ, மருத்துவக் காப்பீடுகளை விற்கும் நிறுவனங்கள் பற்றிய வேறு சட்டம். அந்தச் செய்தியை எல்.ஐ.சி.யோடு முடிச்சுப்போட்டு வாட்ஸப்பில் அனுப்புகிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். பங்கு விற்பனையை எதிர்க்க நியாயமான காரணங்கள் உண்டு. எனக்கும் அதில் உடன்பாடு கிடையாது. அதற்காக உங்கள் பாலிசியைப் பலி கொடுக்காதீர்கள்.

சரண்டர் செய்யச் சொல்பவர் யார் என்று பாருங்கள். அடுத்த நிமிடமே புதிய பாலிசி விற்கிறார் என்றால் அவருக்குக் கமிஷன், உங்களுக்கு நஷ்டம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்திலிருந்து பேசுவதாகச் சொன்னால் உடனே போனை வையுங்கள். ஆணையம் யாரையும் அழைத்து பாலிசி விற்பதில்லை. பணத் தேவை என்றால் பாலிசியின் மேல் கடன் வாங்கலாம். பிரீமியம் கட்ட முடியவில்லை என்றால், பாலிசியின் விதிகள் இடம் கொடுத்தால், பெய்டு-அப் ஆக, அதாவது மேற்கொண்டு கட்டாமல் குறைந்த தொகையோடு தொடரும்படி, விட்டுவிடலாம். பிரீமியம் கட்டாமல் பாலிசி லேப்ஸ் (காலாவதி) ஆகியிருந்தால், கட்டாமல் விட்ட முதல் பிரீமியத் தேதியிலிருந்து பெரும்பாலும் ஐந்து ஆண்டுகளுக்குள் புதுப்பிக்க வழி இருக்கிறது. கிளை அலுவலகத்தில் கேளுங்கள். சரண்டர் செய்து பணம் வாங்கிய பாலிசிக்கு அந்த வழியும் இல்லை.

அந்த ஆசிரியரின் புதிய பாண்டு கைக்கு வந்து முப்பது நாள் ஆகவில்லை. அந்த அவகாசத்துக்குள் பிடிக்காத பாலிசியைத் திருப்பிக் கொடுக்கலாம். சிறு பிடித்தம் போகப் பணம் திரும்பும். கடிதத்தை அன்றே எழுதவைத்து அனுப்பினேன். அப்படி ஏமாந்து வாங்கியவர்கள் பாண்டு வந்த தேதியை இன்றே பாருங்கள்.