கேஷ்லெஸ் இருந்தும் கைப்பணம் ஏன் போகிறது?

மருத்துவக் காப்பீட்டில் கேஷ்லெஸ் என்றால் பில்லைக் காப்பீட்டுக் கம்பெனியே நேராக மருத்துவமனைக்குக் கட்டும் வசதி. அது இருந்தும், டிஸ்சார்ஜ் நாளில் பில்லிங் கவுன்டரில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது: “மூணு லட்சத்துக்கு பாலிசி இருக்கு, பில்லே ரெண்டு லட்சம்தான். நாங்க ஏன் எழுபதாயிரம் கட்டணும்?” பல நேரங்களில் இதற்கான காரணம் நான்கு நாள் முன்பே அட்மிஷன் கவுன்டரில் முடிவாகியிருக்கும், எந்த அறை வேண்டும் என்று சொன்ன அந்த இரண்டு நிமிடத்தில்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். காப்பீட்டுத் தொகை 3 லட்சம். பாலிசியில் அறை வாடகை வரம்பு 1 சதவீதம், அதாவது நாளுக்கு 3,000 ரூபாய். எடுத்த அறை 6,000 ரூபாய். நான்கு நாள் வாடகை 24,000. அறுவை சிகிச்சை நிபுணர், மயக்க மருந்து நிபுணர், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் எல்லாம் சேர்த்து 1,20,000. மருந்து, பரிசோதனை, உள்ளே பொருத்திய பிளேட் ஆகியவை 60,000. மொத்தம் 2,04,000. வாடகையில் கூடுதலான 12,000 மட்டும்தான் நம் பொறுப்பு என்று குடும்பம் நினைக்கிறது. ஆனால் வரம்பைப் போல இரு மடங்கு அறை எடுத்ததால், டாக்டர் கட்டணமும் தியேட்டர் கட்டணமும் பாதியாகக் குறைக்கப்படும். அதில் 60,000 போகும். ஆக மொத்தம் 72,000 கைப்பணம். பொது வார்டில் ஒரு கட்டணம், தனி அறையில் வேறு கட்டணம் என்று ஒரே அறுவை சிகிச்சைக்கே மருத்துவமனைகள் வசூலிப்பதால் வந்த விதி இது.

இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். விகிதாசாரப் பிடித்தம் எனப்படும் இந்தக் கழிவை எல்லாவற்றிலும் செய்ய முடியாது. மருந்து, ஒருமுறை பயன்படுத்தும் பொருட்கள், உள்ளே பொருத்தும் கருவிகள், பரிசோதனைகள் ஆகியவற்றில் கை வைக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020-லேயே சொல்லிவிட்டது. ஐசியூ கட்டணத்திலும் கூடாது. அறைக்கு அறை சிகிச்சைக் கட்டணம் மாறாத மருத்துவமனையில் இந்தப் பிடித்தமே கூடாது. மேலே சொன்ன கணக்கில் அந்த 60,000 ரூபாய் மருந்துச் செலவையும் பாதியாக்கியிருந்தால் இன்னொரு 30,000 அநியாயமாகப் போயிருக்கும். கம்பெனி எவ்வளவு கொடுத்தது, எதைக் கழித்தது என்று காட்டும் செட்டில்மென்ட் தாளில் ஒவ்வொரு பிடித்தத்துக்கும் எதிரே காரணம் இருக்கும். அதை வரி வரியாகப் படியுங்கள்.

வரம்பு எவ்வளவு என்று தெரிந்துகொள்ள அறுபது பக்க பாலிசியைப் புரட்ட வேண்டாம். வாடிக்கையாளர் தகவல் தாள் என்று சுருக்கமாக ஒன்று தருவார்கள். கேட்டால் தமிழிலும் தர வேண்டும். அறை வாடகை, சில நோய்களுக்கு க்ளைம் கிடைக்காத தொடக்கக் காத்திருப்புக் காலம், பில்லில் நாம் பகிர வேண்டிய சதவீதம் எல்லாம் அதில் இருக்கும். போன் கேலரியில் அதன் படத்தைப் போட்டு வையுங்கள்.

அடுத்தது நெட்வொர்க், அதாவது கேஷ்லெஸ் தர கம்பெனியோடு ஒப்பந்தம் போட்ட மருத்துவமனைகளின் பட்டியல். ஒரே குழுமத்தின் ஒரு கிளை பட்டியலில் இருக்கும், பக்கத்து ஊர்க் கிளை இருக்காது. போன வருடம் இருந்தது இந்த வருடம் நீங்கியிருக்கும். கம்பெனி ஒன்றே ஆனாலும் பாலிசி மாறினால் பட்டியல் மாறலாம். அதனால் மருத்துவமனையின் காப்பீட்டு டெஸ்கிலும், அட்டையில் உள்ள எண்ணிலும், இரண்டு இடத்திலும் பாலிசி பெயரைச் சொல்லிக் கேளுங்கள். விலக்கப்பட்ட மருத்துவமனைகள் என்று தனிப் பட்டியலும் உண்டு. அங்கே சேர்ந்தால் பின்னால் பில் கொடுத்தும் பணம் வராது. விபத்து, உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் நோயாளி நிலைப்படும் வரையான செலவு கிடைக்கும்.

நெட்வொர்க்கில் இல்லாத மருத்துவமனையிலும் கேஷ்லெஸ் கேட்கும் வசதி 2024 ஜனவரியில் வந்தது. திட்டமிட்ட சிகிச்சை என்றால் 48 மணி நேரம் முன்பும், அவசரம் என்றால் சேர்ந்த 48 மணி நேரத்துக்குள்ளும் கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டும். மருத்துவமனையும் சம்மதித்தால்தான் நடக்கும்.

கேஷ்லெஸுக்கு ஒப்புதல் கேட்டு மருத்துவமனை கம்பெனிக்கு அனுப்பும் முன் அனுமதிப் படிவத்தில், டாக்டர் நிரப்பும் பகுதியில்தான் அதிக விபத்து நடக்கிறது. “சுகர் எவ்வளவு நாளா இருக்கு?” என்று டியூட்டி டாக்டர் கேட்பார். கூட வந்தவர் பதற்றத்தில், “அது இருக்கு சார், பத்து வருஷமா” என்பார். உண்மையில் மூன்று வருடமாக இருக்கும். எழுதினது எழுதினதுதான். பாலிசி எடுத்து நான்கு வருடம் என்றால், மறைத்து எடுத்ததாகக் கேள்வி வந்து நிற்கும். முதன்முதலில் சுகர் கண்டுபிடித்த ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுபோய், தேதியைப் பார்த்துச் சொல்லுங்கள். படிவம் அனுப்பும் முன் ஒருமுறை வாங்கிப் படியுங்கள். உண்மையை மறைக்கவே கூடாது, ஆனால் இல்லாததையும் எழுத விடக் கூடாது. பாலிசி எடுக்கும் முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்பு இப்போது அதிகபட்சம் 36 மாதம். 60 மாதம் தொடர்ந்து பிரீமியம் கட்டியவரின் க்ளைமை, மோசடி நிரூபணமானால் தவிர, மறைத்தார் என்று சொல்லித் தள்ள முடியாது.

முன் அனுமதிக்கு ஒரு மணி நேரத்திலும், டிஸ்சார்ஜ் அனுமதிக்கு மூன்று மணி நேரத்திலும் கம்பெனி பதில் தர வேண்டும் என்பது 2024 விதி. அதைத் தாண்டினால் மருத்துவமனை கேட்கும் கூடுதல் கட்டணம் கம்பெனியைச் சேரும். ஆனால் அந்த மூன்று மணி நேரம், காலையில் டாக்டர் “வீட்டுக்குப் போகலாம்” என்று சொன்னதும் ஓடத் தொடங்காது. டிஸ்சார்ஜ் சம்மரி டைப் ஆகி, பயன்படுத்தாத மருந்தைத் திருப்பிக் கொடுக்கும் மருந்து ரிட்டர்ன் முடிந்து, இறுதி பில் கம்பெனிக்குப் போன பிறகுதான் தொடங்கும். முந்தைய நாள் மாலையே சம்மரியைத் தயார் செய்யச் சொல்லிக் கேட்டால் அரை நாள் மிச்சமாகும்.

வீட்டுக்கு வந்ததும் ஃபைலை மூடிவிடாதீர்கள். எல்லாக் கம்பெனியும் ஒரே மாதிரி விதிகளோடு தரும் ஆரோக்கிய சஞ்சீவனி போன்ற பாலிசிகளில் சேர்வதற்கு முந்தைய 30 நாள், வெளிவந்த பின் 60 நாள் செலவும் உண்டு. ஸ்கேன், மறு ஆலோசனை, மாத்திரை எல்லாவற்றுக்கும் ஒரிஜினல் பில்லோடு டாக்டர் சீட்டும் வேண்டும்.

வருடாந்திர உடல் பரிசோதனை பல பாலிசிகளில் இலவசம், ஆனால் நம் மக்கள் தொடுவதே இல்லை. வருடம் முடிந்தால் அது போயே போச்சு. பக்கத்து லேபில் எடுத்துவிட்டு பில் அனுப்பினால் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள். ஆப்பில் முன்பதிவு செய்து அவர்கள் சொல்லும் லேபுக்குத்தான் போக வேண்டும். சுகர் தெரிந்தால் பாலிசி போய்விடும் என்ற பயமும் வேண்டாம். பாலிசிக்கு முன் அறிகுறியோ சிகிச்சையோ இல்லாமல், பாலிசி தொடங்கிய பின் புதிதாகக் கண்டறிந்த நோய், முன்பிருந்த நோய்க் கணக்கில் வராது.

க்ளைம் மறுக்கப்பட்டால் பாலிசியின் எந்த விதிப்படி என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ஓராண்டுக்குள், காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் அதிகாரியான காப்பீட்டு ஆம்பட்ஸ்மனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. 50 லட்சம் வரையான இழப்பீட்டை அங்கே கேட்கலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. செட்டில்மென்ட் தாள், டிஸ்சார்ஜ் சம்மரி, மறுப்புக் கடிதம் மூன்றின் நகலோடு நீங்களே எழுதிக் கொடுக்கலாம்.