முதல் பதினொரு பக்கங்களை ஏன் வெட்டச் சொல்கிறேன்

யாழ்ப்பாணத்தில் பிரதி திருத்திச் சோறு தின்கிற ஆட்கள் குறைவு. நான் அதில் ஒருத்தி. கும்பாபிஷேக மலர், பாடசாலை ஆண்டு மலர், செத்தவீட்டு முப்பத்தோராம் நாளுக்கு அச்சடிக்கிற கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகம் என்றுதான் என் மேசையில் பெரும்பாலும் வேலை கிடக்கும். ஆனால் கடந்த சில வருடங்களாக இடையிடையே வேறு மாதிரியான பிரதிகளும் வருகின்றன. விண்கலம், காலப்பயணம், மாயமந்திரம், கடலுக்கடியில் நகரம். எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இருபதுகளில் இருக்கிற பிள்ளைகள். நல்ல கற்பனை, நல்ல தமிழும்கூட. ஆனால் ஏறக்குறைய எல்லாப் பிரதியிலும் ஒரே நோய்.

உதாரணத்துக்கு ஒன்று (எழுதிய தம்பியிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன்). கதையில் விண்கலம் ஒன்று நெடுந்தீவில் வந்து இறங்குகிறது. அருமையான தொடக்கம், இல்லையா? ஆனால் அது இறங்குவது பன்னிரண்டாம் பக்கத்தில். அதற்கு முந்தின பதினொரு பக்கமும் ஒளியாண்டு என்றால் என்ன, ஈர்ப்பு விசை எப்படி வேலை செய்கிறது, விண்கலத்துக்கு ஏன் இரண்டு இயந்திரம் என்று விளக்கம். பாடப்புத்தகம் தோற்றுப்போகும்.

"இதெல்லாம் ஆருக்கு எழுதினனீர்?" என்று கேட்டேன்.

"வாசிக்கிற ஆக்களுக்கு விளங்கவேணுமே அக்கா."

"அப்பிடி வாசிக்கிற ஆள் ஒருத்தரை எப்பவாவது நேரில கண்டிருக்கிறீரோ?"

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, இல்லை என்றான்.

இதுதான் விஷயம். இந்த வகைக் கதைகளை எழுதுகிற எங்கள் பிள்ளைகள் தங்கள் வாசகரைக் கண்ணால் கண்டதே இல்லை. அதனால் மனதுக்குள் ஒன்றும் விளங்காத ஒரு பெரியப்பாவை இருத்தி வைத்துக்கொண்டு அவருக்கே எழுதுகிறார்கள். பெரியப்பா எப்படியும் வாசிக்கப்போவதில்லை, வாசிக்கக்கூடியவர்களோ மூன்றாம் பக்கத்தில் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள்.

வெளிநாடுகளில் விஞ்ஞானப் புனைகதைக்கும் மாயப்புனைவுக்கும் என்று கொன்வென்ஷன் நடத்துகிறார்களே, அங்கே எதற்கு எழுத்தாளர்களும் ரசிகர்களும் கைக்காசு செலவழித்துப் போகிறார்கள் என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்கிற முதல் பதிலும் இதுதான். ஆளை ஆள் பார்க்கப் போகிறார்கள். (மாநாடு என்ற சொல்லை வேண்டுமென்றே தவிர்க்கிறேன். இந்த ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டால் ஒன்றில் சாவில் முடிந்த 1974 தமிழாராய்ச்சி மாநாடு நினைவுக்கு வரும், இல்லாவிட்டால் அரசியல் கட்சி.)

இந்தப் பழக்கம் தொடங்கியதே அப்படித்தான். 1926 இல் அமெரிக்காவில் ஹியூகோ கேர்ன்ஸ்பாக் விஞ்ஞானப் புனைகதைக்கு என்றே ஒரு சஞ்சிகை தொடங்கினார். அதில் வாசகர் கடிதங்களை எழுதினவரின் முழு முகவரியோடு அச்சடித்தார்கள். எங்கள் பேனா நண்பர் பகுதி மாதிரி என்று வையுங்கள். முகவரி கிடைத்ததும் வாசகர்கள் ஒருவருக்கொருவர் நேரடியாகக் கடிதம் போட்டார்கள், கடிதம் கழகமானது, அப்புறம் சந்திக்காமல் இருக்க முடியவில்லை. 1937 ஜனவரியில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஒரு சின்ன மண்டபத்தில் கூடினார்கள், இருபது பேரளவில். அதில் ஒருவர், பின்னாளில் விஞ்ஞானப் புனைகதையில் உலகப் புகழ் பெற்ற எழுத்தாளர், அப்போது 19 வயது ஆர்தர் சி. கிளார்க். அதே கிளார்க் 1956 இல் நியூயோர்க்கில் நடந்த உலக கொன்வென்ஷனுக்குப் பிரதம விருந்தினர், அதே வருடத்தில்தான் இலங்கைக்குக் குடிவந்து, திருகோணமலையில் சுவாமி மலையடியில் முக்குளித்து, பழைய கோணேசர் கோயிலின் இடிபாடுகளையும் கண்டார். 2008 இல் கொழும்பில் காலமாகும்வரை இந்தத் தீவில்தான் இருந்தார். அவ்வளவு பெரிய ஆள் எங்கள் பக்கத்தில் இருந்தும் எங்களில் பலருக்கு அவர் யாரோ ஒரு வெள்ளைக்காரர். சரி, அது வேறு கதை.

உலக கொன்வென்ஷன் முதலில் கூடியது 1939 யூலையில், நியூயோர்க்கில், 200 பேரளவில். உள்ளே போகவிடாமல் ஆறு பேரை வாசலிலேயே மறித்துவிட்டார்கள், ரசிகர் கழகங்களுக்குள் அரசியல் சண்டை. இதை வாசித்தபோது எனக்கு அவர்கள் சட்டென்று சொந்தக்காரர் ஆகிவிட்டார்கள். முதல் கூட்டத்திலேயே பிளவு!

நான் ஒரே ஒருமுறைதான் போயிருக்கிறேன். 2024 ஓகஸ்டில் லண்டனில் தங்கச்சி வீட்டில் நின்றபோது, கிளாஸ்கோவில் ஐந்து நாள் நடந்த உலக கொன்வென்ஷனுக்கு ரயில் ஏறினேன். என் மனதில் இருந்தது எங்கள் வெளியீட்டு விழாதான். மங்கல விளக்கு, ஆசியுரை, வாழ்த்துரை, நயப்புரை, முதற்பிரதி பெறும் வர்த்தகர், என்வலப், கடைசியில் நேரமில்லாமல் மூன்று நிமிடத்தில் எழுத்தாளரின் ஏற்புரை. அங்கே போனால் விளக்கையும் காணோம், பொன்னாடையையும் காணோம். நீண்ட மேசையில் நாலைந்து பேர் இருந்து ஒரு தலைப்பைப் பற்றி ஒரு மணித்தியாலம் கதைக்கிறார்கள், கேட்டுக்கொண்டிருக்கிறவர்களில் சிலர் மடியில் கம்பளிநூல் வைத்துப் பின்னுகிறார்கள், பின்னிக்கொண்டே கை உயர்த்தி எழுத்தாளரை மடக்குகிற கேள்வி கேட்கிறார்கள். ஒரு எழுத்தாளரோடு பத்துப் பேரளவில் ஒரு மேசையில் இருந்து கோப்பி குடித்தபடி கதைக்க முன்கூட்டியே பெயர் பதிய வேண்டும். கவனிக்க: அங்கே நுழைவுச்சீட்டு என்று சொல்வதில்லை, உறுப்புரிமை என்கிறார்கள். நடத்துகிறவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். இந்த வகைக் கதைகளில் சிறந்தவற்றுக்கு அங்கே கொடுக்கிற ஹியூகோ விருதுக்கு வாக்குப் போடுவதும் நடுவர் குழு இல்லை, உறுப்பினர்கள்தான். சிறப்பு விருந்தினர் வரிசையில் ரசிகர்களுக்கும் இடம் உண்டு. ரசிகருக்கு மாலை போட்ட ஒரு விழாவை நான் இங்கே கண்டதில்லை.

ஆனால் எனக்குப் பிரயோசனப்பட்டது மண்டபத்துக்குள் நடந்தது இல்லை. நடைபாதையில் தேத்தண்ணிக்கு வரிசையில் நின்றபோது, பக்கத்தில் நின்ற ஒரு வயதான பெண்மணி உங்கள் ஊர்ப் பேய்கள் எப்படிப்பட்டவை என்று கேட்டார். நானும் படித்த ஆள் மாதிரி முனி, காடேறி, கொத்தி என்று வகை பிரித்து விளக்கத் தொடங்கினேன். மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார். பிறகு தற்செயலாக, உச்சி வேளையில் புளியமரத்தடியால் போகவிடாமல் அம்மம்மா என்னைச் சுற்றுப்பாதையால் அனுப்புவா, அதனால் பள்ளிக்கூடம் விட்டு வர எனக்கு எப்போதும் பத்து நிமிடம் பிந்தும் என்றேன். அந்த மனுசியின் முகம் மாறிவிட்டது. "அந்த மரம் இப்பவும் நிற்கிறதா?" என்று கேட்டார். வரிசை நகர்ந்ததுகூட எங்களுக்குத் தெரியவில்லை. பேயை விளக்கியபோது வராத பயம் பத்து நிமிடம் பிந்தியதில் வந்துவிட்டது. இருபது வருடம் பிரதி திருத்தியும் எனக்கு இது அந்த வரிசையில்தான் சரியாக உறைத்தது.

கொமிக் கொன், அதாவது சித்திரக்கதை ரசிகர்களின் கொன்வென்ஷன், இதற்குச் சகோதரம், ஆனால் வேறு பிள்ளை. 1970 இல் தொடங்கிய சான் டியாகோ கொமிக் கொன்னுக்கு இன்றைக்கு ஒரு இலட்சத்துக்கு மேல் சனம் வருகிறது. படம், தொடர், விளையாட்டு, வேடம், வியாபாரம். கொழும்பிலும் சென்னையிலும் இப்போது நடக்கிறது. போய்ப் பாருங்கள், சந்தோசமாக இருக்கும், ஆனால் உங்கள் நாவலைப் பற்றி ஆற அமரக் கதைக்கலாம் என்று நினைத்துப் போகாதீர்கள். பெற்றோருக்கும் ஒரு சொல்: பிள்ளை மூன்று மாதம் இருந்து வேட உடுப்புத் தைத்தால் அதற்கு விசர் பிடித்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. 1939 இலேயே எதிர்கால உடுப்புத் தைத்துப் போட்டுக்கொண்டு வந்தவர்கள் இருந்தார்கள். வேடம் போட்ட பிள்ளையைக் கேட்காமல் தொடுவதும் படமெடுப்பதும் தவறு என்பதை எல்லா ஒழுங்கான கொன்வென்ஷனும் எழுதியே வைத்திருக்கிறது. அப்படி ஒரு நடத்தை விதி இல்லாத நிகழ்வுக்குப் பிள்ளையைத் தனியே அனுப்பவேண்டாம்.

இப்போது நான் பயப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். நெடுந்தீவுத் தம்பிக்கு ஒருநாள் மின்னஞ்சல் வந்தது. உங்கள் நாவலைச் சர்வதேச எழுத்தாளர் ஒன்றுகூடலில் காட்சிக்கு வைக்கிறோம், மேடை தருகிறோம், விசாக் கடிதமும் தருகிறோம், 900 டொலர் அனுப்புங்கள். நாவல் அப்போது எழுதி முடியவும் இல்லை! அப்பாவிடம் கேட்கப்போன இடத்தில்தான் விஷயம் என் காதுக்கு வந்தது. அமெரிக்க எழுத்தாளர் ஜேம்ஸ் மக்டொனால்ட் சொல்லிப் பரவிய விதி ஒன்று உண்டு: காசு எழுத்தாளரை நோக்கித்தான் பாயவேண்டும். எங்கள் ஊரில் எழுத்தாளரே நகையை அடகு வைத்து 300 பிரதி அச்சடிக்கிற வழக்கம் இருப்பதால் இந்த விதி எங்களுக்குத் தலைகீழாகத் தெரிகிறது, மோசடிக்காரருக்கும் அதுதான் வசதி. உறுப்புரிமைக்குக் காசு கட்டுவது நியாயம், அது எழுத்தாளருக்கும் ரசிகருக்கும் பொதுவானது, கொன்வென்ஷனின் சொந்த இணையத்தளத்தில் வெளிப்படையாகப் போட்டிருக்கும். மேடைக்கும் காட்சிக்கும் "தெரிவானதற்கும்" தனியாகக் காசு கேட்டால் அந்த மின்னஞ்சலை அழித்துவிடுங்கள். உண்மையான கொன்வென்ஷனில் மேடையில் பேச விரும்புகிறவர்கள் விண்ணப்பப் படிவம் நிரப்புகிறார்கள், அவ்வளவுதான். விசா, விமானச்சீட்டு எல்லாம் பார்த்து மலைக்கிறவர்களுக்கு ஒன்று: போகாமலே வாக்களிக்கிற குறைந்த கட்டண உறுப்புரிமையும் உண்டு, அதை எடுத்தவர்களுக்கு விருதுப் பட்டியலில் உள்ள படைப்புகளை மின்நூலாகத் தருவதும் வழக்கம்.

இதெல்லாம் எங்களுக்குப் புதிது என்றும் நான் நம்பவில்லை. 1988 இல் ஜேர்மனியில் புலம்பெயர்ந்த எங்கள் ஆட்கள் தொடங்கிய இலக்கியச் சந்திப்பு, ஊர் ஊராக, நாடு நாடாக மாறி மாறி நடந்து 2013 இல் யாழ்ப்பாணத்துக்கும் வந்தது. உலக கொன்வென்ஷனும் அப்படித்தான், ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு நகரம், அந்தந்த நகரத்து ஆட்களே எடுத்து நடத்துகிறார்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் கொப்பித் தாளில் பத்திரிகை அச்சடித்த ஊருக்கு, எட்டுப் பேர் கூடுவது ஒரு பெரிய வேலையா?

கூடினோம். மூன்று மாதத்துக்கு முந்தி, ஒரு ஞாயிறு பின்னேரம், வகுப்பு முடிந்த ஒரு ரியூட்டரிக் கொட்டிலில். பிளேன்ரீ, வாய்ப்பன். தலைமை இல்லை, வரவேற்புரை இல்லை. தம்பியைப் பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்து வாசிக்கச் சொன்னேன். முதல் பதினொரு பக்கம் இல்லாததை ஒருவரும் கேட்கவில்லை. ஈர்ப்பு விசையைப் பற்றியும் ஒருவரும் கேட்கவில்லை. இளைப்பாறிய பௌதிக ஆசிரியர் ஒருவர் இருந்தார், அவர்கூடக் கேட்கவில்லை. குருநகரில் இருந்து வந்த ஒரு பிள்ளை மட்டும், அதன் தகப்பன் கடல்தொழில், கையை உயர்த்தியது.

"கலம் இறங்கேக்க சோளகமோ, வாடையோ?"

தம்பி திகைத்துப்போய் நின்றான். நெடுந்தீவில் ஒரு கதை நடக்கிறது, அதில் காற்றே இல்லை. பிறகு கொப்பியை எடுத்து எழுதிக்கொண்டான்.

போன கிழமை திருத்திய பிரதி வந்தது. விண்கலம் முதல் வரியிலேயே, சோளகத்தில் தடுமாறிக்கொண்டு இறங்குகிறது. ஒளியாண்டு போய்விட்டது, இரண்டு இயந்திரமும் போய்விட்டது. ஆனால் இரண்டாம் பக்கத்தில் இருந்து சோளகக் காற்று எப்படி உண்டாகிறது என்று நாலு பக்கம். மூன்றை வெட்டச் சொல்லியிருக்கிறேன்.