முடிச்சு ஒரு பக்கம், பிடிப்பு ஒரு பக்கம்: எளிதாக மாட்டும் டையின் அறிவியல்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பள்ளி ஆண்டு தொடங்குவது ஜனவரியில், சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும் புழுக்கமான நடுக்கோடையில். சாட்ஸ்வர்த்தில் எங்கள் தெருவில் அந்த வாரத்துக் காலைகளில் எந்த வீட்டு வாசலைப் பார்த்தாலும், குனிந்து நிற்கும் ஒரு பெரியவரும் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கும் ஒரு பிள்ளையும் கண்ணில் படுவார்கள். பெரியவரின் கையில் பள்ளியின் கோடு போட்ட டை இருக்கும். தன் கழுத்தில் கண்ணாடி பார்க்காமலே கட்டத் தெரிந்தவருக்கும், எதிரே நிற்கும் பிள்ளைக்குக் கட்டும்போது இடமும் வலமும் மாறிக் கை குழம்பிவிடும். கடைசியில் தன் கழுத்திலேயே கட்டி, கண்ணியைத் தளர்த்தித் தலைவழியாகக் கழற்றி, அப்படியே பிள்ளைக்கு மாட்டி இறுக்கிவிடுவார்.

சென்ற டிசம்பரில் என் பேரனின் டையைத் துவைக்க எடுத்தபோது, ஜனவரியில் நான் போட்ட முடிச்சு குலையாமல் அப்படியே இருந்தது. அழுக்கேறி, ஓரங்கள் பளபளத்து, விறகுச் சிராய் போல இறுகியிருந்தது. ஏறக்குறைய 200 பள்ளி நாள்களில் அவன் ஒருமுறைகூட அதை அவிழ்க்கவில்லை. மாலையில் கண்ணியைப் பெரிதாக்கித் தலைவழியாக எடுப்பான், காலையில் மாட்டி இழுத்துவிடுவான். டை கட்டுவதை எளிதாக்க முயன்ற வடிவமைப்பாளர்கள் பலர் கடைசியில் வந்துசேர்ந்த இடமும் இதுதான் என்பதால், அவனைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

டை என்னும் ஒரே துணி இரண்டு வேலைகளைச் செய்கிறது. தொண்டைக்குக் கீழே முக்கோணமாகத் தெரியும் முடிச்சு பார்வைக்கு. கழுத்தைச் சுற்றியிருக்கும் கண்ணியை வேண்டிய அளவில் நிறுத்திவைப்பது பிடிப்புக்கு. வழக்கமான டையில் இந்த இரண்டும் ஒரே முடிச்சில் சிக்கிக்கொண்டிருக்கின்றன. கட்டத் தொடங்கும்போது அகல நுனியை எவ்வளவு கீழே தொங்கவிடுகிறோமோ அதைப் பொறுத்தே கட்டி முடித்தபின் டையின் நீளம் அமையும். அது பெல்ட்டுக்கு நான்கு விரல் மேலே நின்றுவிட்டால், நன்றாக அமைந்த முடிச்சையும் அவிழ்த்து முதலிலிருந்து கட்டவேண்டும். நீளம், முடிச்சின் வடிவம், கண்ணியின் அளவு ஆகிய மூன்றையும் தனித்தனியே திருத்த முடியாமல் இருப்பதுதான் இந்தப் பழைய அமைப்பின் அடிப்படைக் குறை.

ஆயினும் அந்த முடிச்சு வேலை செய்யும் விதம் வியப்புக்குரியது. பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சுக்குப் போரிட வந்த குரோவேஷியக் கூலிப்படையினர் கழுத்தில் கட்டியிருந்த துணியே டைக்கு மூலம் என்பார்கள். பிரெஞ்சு மொழியில் அதன் பெயரான ‘க்ரவாத்’ அவர்களுடைய இனப்பெயரிலிருந்து வந்தது. இன்று நாம் காணும் நீண்ட டைக்கு வடிவம் கொடுத்தவர் நியூயார்க்கைச் சேர்ந்த ஜெசி லாங்ஸ்டார்ஃப். துணியைப் பாவுக்கும் ஊடைக்கும், அதாவது நெடுக்கு நூலுக்கும் குறுக்கு நூலுக்கும், 45 பாகை சாய்வாக வெட்டி மூன்று துண்டுகளாக இணைக்கும் முறைக்கு அவர் 1920களில் காப்புரிமை பெற்றார். தையற்காரர்கள் ‘கிராஸ் கட்டிங்’ என்று சொல்வது இதைத்தான். நேராக வெட்டிய துணியை இழுத்தால் இழுவை முழுவதும் நீளாத நூலின் மீது விழும். கிராஸாக வெட்டியதை இழுத்தாலோ, பாவும் ஊடையும் சேர்ந்து உருவாக்கும் சிறு சதுரங்கள் சாய்சதுரங்களாகச் சரிந்து, துணி நீண்டு, விட்டதும் பழைய நிலைக்குத் திரும்பும். டை முறுக்கிக்கொள்ளாமல் தொங்குவதற்கும் முடிச்சு கசங்காமல் மீள்வதற்கும் இந்தச் சாய்வே காரணம்.

முடிச்சு நழுவாமல் இருப்பதற்குக் காரணம் உராய்வு. டர்பன் துறைமுகத்தில் பெரிய கப்பலின் கயிற்றைக் கரையிலுள்ள குட்டையான இரும்புத் தூணில் இரண்டு மூன்று முறை சுற்றிவிட்டு, மறுமுனையை ஒரே ஆள் பிடித்துக்கொள்ள முடியும். கயிறு தூணைச் சுற்றும் ஒவ்வொரு சிறு கோணத்திலும் உராய்வு இழுவையில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. அந்தப் பங்குகள் கூட்டுவட்டி போல ஒன்றன்மேல் ஒன்றாகப் பெருகுகின்றன. உராய்வுக் கெழு, அதாவது இரு பரப்புகள் ஒன்றையொன்று எவ்வளவு பற்றிக்கொள்கின்றன என்பதைக் காட்டும் எண், 0.3 என்று வைத்துக்கொண்டால், ஒரு முழுச் சுற்றில் கையின் விசை 6.6 மடங்கு எடையைத் தாங்கும். இரண்டு சுற்றில் 43 மடங்கு, மூன்றாம் சுற்றில் 280 மடங்குக்கும் மேல். டையின் அகல நுனி குறுகிய நுனியைச் சுற்றி வரும்போதும் நடப்பது இதுவே: சுற்றுகள் ஒன்றையொன்று அழுத்தி, நடுவே நேராக ஓடும் குறுகிய நுனியை மூடிய கைபோலப் பிடித்துக்கொள்கின்றன. ஒரு கையால் முடிச்சைப் பிடித்து மறு கையால் குறுகிய நுனியை இழுத்தால் மட்டும் அது நகரும். நம் வீடுகளில் உருவாஞ்சுருக்கு என்பார்களே, அதன் நாகரிகமான உறவினர்தான் டை முடிச்சு.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கேவன்டிஷ் ஆய்வுக்கூடத்தில் இருந்த தாமஸ் ஃபிங்க், யோங் மாவ் என்ற இரண்டு இயற்பியலாளர்கள், அகல நுனி இடம், வலம், நடு என்ற மூன்று திசைகளில் எப்படியெல்லாம் நகரலாம் என்பதை முக்கோணக் கட்டங்களாலான வலைப்பின்னலில் எடுத்துவைக்கும் அடிகளாகக் கருதிக் கணக்கிட்டு, ஒன்பது நகர்வுகளுக்குள் 85 முடிச்சுகள் சாத்தியம் என்று 1999இல் காட்டினார்கள். மனிதர்கள் வழக்கமாகக் கட்டிவந்தவை அவற்றில் ஒரு கைப்பிடிதான். முடிச்சின் வகைகள் இத்தனை இருந்தாலும் பள்ளிப் பிள்ளைக்கு வேண்டியது ஒன்றே என்பதால், அந்த ஒன்றை நிரந்தரமாகத் தைத்து வைத்துவிட்டுப் பிடிப்பை வேறொரு பொறியிடம் ஒப்படைப்பது எளிது.

அந்தப் பொறி எப்படி இருக்கவேண்டும் என்பதைக் கழுத்திடமே கேட்கவேண்டும். 38 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள ஒரு கழுத்தை 6 சென்டிமீட்டர் ஆரமுள்ள உருளையாகவும், அதன் மீது 2 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு பட்டை படிவதாகவும் கொள்வோம். பட்டையில் ஒரு நியூட்டன் இழுவை, அதாவது 100 கிராம் எடையுள்ள ஒரு சிறிய கொய்யாப்பழம் தொங்கினால் ஏற்படும் அளவு இழுவை இருந்தால், தோலின் மீது விழும் அழுத்தம், இழுவையை ஆரத்தாலும் அகலத்தாலும் வகுத்தால் கிடைக்கும். அது ஏறக்குறைய 830 பாஸ்கல். மருத்துவர்களின் அளவில் 6 மில்லிமீட்டர் பாதரசம். 120க்கு 80 என்று ஓடும் தமனிக்கு இது ஒரு பொருட்டே இல்லை. தலையிலிருந்து இரத்தத்தைக் கீழே கொண்டுவரும் கழுத்துச் சிரைகளிலோ அழுத்தம் பொதுவாக ஒற்றை இலக்கத்தில்தான் இருக்கும். எனவே ‘கொஞ்சம் இறுக்கம்’ என்று நாம் பொறுத்துக்கொள்ளும் நிலையிலேயே, வடிகால் ஓரளவு அடைபடத் தொடங்கிவிடுகிறது. இறுக்கமான டை கண்ணுக்குள் இருக்கும் அழுத்தத்தை உயர்த்துவதாக 2003இல் வெளியான ஆய்வும், டை அணிந்த 15 பேரின் மூளைக்குச் செல்லும் இரத்த ஓட்டம் சராசரியாக 7.5 விழுக்காடு குறைந்ததாக ஜெர்மனியின் கீல் நகர ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட முடிவும் இந்தக் கணக்கோடு பொருந்துகின்றன. உடல்நலம் உள்ளவருக்கு இதனால் உடனடித் தீங்கு நேர்ந்துவிடாது. ஆனாலும் அரை சென்டிமீட்டர் இறுக்கமோ தளர்வோ கணிசமான மாற்றத்தைத் தரும் என்பது வடிவமைப்பவருக்கு முக்கியமான செய்தி.

நீளாத பட்டையில் அந்த அரை சென்டிமீட்டர் இழுவையைத் தாறுமாறாக ஏற்றிவிடும். பிள்ளை தலையைத் திருப்பினாலும் எச்சில் விழுங்கினாலும் கழுத்தின் சுற்றளவு சற்றே மாறும். எலாஸ்டிக் அந்த மாற்றத்தை விழுங்கிவிடும், நாடா விழுங்காது. இங்கே சிறு பிள்ளைகளுக்கு விற்கும் எலாஸ்டிக் டையின் சிறப்பு இதுவே. அதற்கு ஒரு கை போதும் என்பது இன்னொரு வசதி. பக்கவாதத்துக்குப் பின் இடக்கை செயலிழந்த என் மூத்த மாமா, முப்பது ஆண்டு ஆசிரியராக டை இல்லாமல் வெளியே கிளம்பாதவர், தன் பேரனின் எலாஸ்டிக் டையைப் பார்த்துத்தான் தனக்கும் ஒன்று தைத்துத் தரும்படி கேட்டார். எலாஸ்டிக்கின் குறை, அது அளவை மறந்துபோவது: சில மாதங்களில் தொய்ந்துவிடும், பிறகு முடிச்சு காலருக்குக் கீழே வழுக்கி இறங்கும்.

பெரியவர்களுக்கான ஜிப் டை இதைவிட நுட்பமானது. அதில் கண்ணியின் இரண்டு பக்கங்களும் ஜிப்பின் இரண்டு பல்வரிசைகளாக இருக்கும். உள்ளே பிளாஸ்டிக் கூடு வைத்துத் தைத்த முடிச்சுக்குள் ரன்னர் ஒளிந்திருக்கும். முடிச்சை மேலே நகர்த்தினால் ரன்னர் இரு வரிசைகளையும் கோத்துக்கொண்டே போக, கோத்த பகுதி முன்பட்டைக்குப் பின்னால் மறைந்து கண்ணி சிறிதாகும். பற்களுக்கு இடையே உள்ள இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு நுணுக்கமாக நிறுத்தலாம், முன்பட்டையின் நீளமும் மாறாது. ரன்னருக்குள் பற்களில் இறங்கும் சிறு முள் ஒன்று இருப்பதால் அது தானாக வழுக்காது. பார்க்க அழகான தீர்வுதான், எனினும் எனக்கு அதன் மீது முழு நம்பிக்கை இல்லை: விளையாட்டுத் திடலில் யாராவது டையைப் பிடித்து இழுத்தால் சாதாரண முடிச்சைப் போலவே ஜிப்பும் விட்டுக்கொடுக்காது. காவலர்களும் பாதுகாப்புப் பணியாளர்களும் பல நாடுகளில் சட்டையில் கவ்வும் கிளிப் டையை அணிவது இதனால்தான். அதில் கண்ணியே கிடையாது. இழுத்தவன் கையோடு வந்துவிடும்.

ஒட்டுப்பட்டை, அதாவது வெல்க்ரோ, இந்த ஊர்த் தமிழர்களுக்குப் புதிதல்ல. தைப்பூசக் காவடிக்கு வரும் இளைஞர்களில் வேட்டி கட்டத் தெரியாதவர்கள் இடுப்பில் வெல்க்ரோ தைத்த வேட்டியோடு கவலையில்லாமல் ஆடுகிறார்கள். 1941இல் ஸ்விட்சர்லாந்துக்காரரான ஜார்ஜ் தெ மெஸ்த்ரால், தன் நாயின் ரோமத்தில் ஒட்டிய முள்விதையை நுண்ணோக்கியில் பார்த்தபோது உதித்த யோசனை அது. நம் வேலியோரத்தில் நடந்தால் சாக்ஸ் முழுக்க ஒட்டும் பிளாக்ஜாக் விதையை நினைத்துக்கொள்ளலாம். ஒருபுறம் கொக்கிகள், மறுபுறம் வளையங்கள். மேலிருந்து உரித்தால் ஒரு நேரத்தில் ஒரு வரிசைக் கொக்கி மட்டுமே எதிர்க்கும், ஆகவே எளிதில் பிரியும். பக்கவாட்டில் இழுத்தாலோ எல்லாக் கொக்கிகளும் ஒரே நேரத்தில் எதிர்க்கும். வேட்டிக்கு இந்தக் குணம் வரம். கழுத்துப்பட்டையில் விழும் இழுவையும் பக்கவாட்டு இழுவையே ஆதலால், ஆபத்தில் தானாகப் பிரியும் என்று நம்பி வெல்க்ரோவை நிறைய வைத்துத் தைத்தால் அது பிரியவே பிரியாது.

இவற்றையெல்லாம் யோசித்து, பேரனின் பழைய டையை வெட்டி நானே ஒன்று தைத்தேன். ஐஸ்கிரீம் டப்பா மூடியில் வெட்டிய சிறு கூட்டின் மீது முடிச்சைத் தைத்து, முன்பட்டையை அவனுடைய உயரத்துக்கு நிலைநிறுத்தினேன். கண்ணிக்கு 2 சென்டிமீட்டர் நாடா, அதில் கால்பங்கு எலாஸ்டிக், அளவு திருத்தப் பள்ளிப்பையின் வாரில் இருக்கும் அட்ஜஸ்டர். அந்த அட்ஜஸ்டரும் துறைமுகத் தூணின் தம்பிதான்: நாடா நடுக்கம்பியைச் சுற்றித் தன் மீதே படிவதால், எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு இறுகப் பிடிக்கும், சட்டத்தைச் சாய்த்தால் அந்தப் படிவு விலகி நாடா ஓடும். ஒருமுறை அளவு வைத்துவிட்டால் அன்றாடம் அதைத் தொடவேண்டியதில்லை. ஆபத்தில் பிரிவதற்கு, பழைய அடையாள அட்டை நாடாவிலிருந்து எடுத்த பிளாஸ்டிக் பூட்டு. நேரே இழுத்தால் அதன் மொட்டு குழியிலிருந்து தெறித்து வெளியே வரும்.

அந்தப் பூட்டை முதலில் பிடரியில் வைத்தேன், அடையாள அட்டைகளில் அங்கேதான் இருக்கிறது என்பதால். ஊறுகாய் ஜாடியை மேசை விளிம்பில் படுக்கவைத்து, கண்ணியை மாட்டி, முன்பட்டையில் 2 லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். பிரியவில்லை. இரண்டாவது பாட்டிலையும் நிரப்பித் தொங்கவிட்டேன், அப்போதும் பிரியவில்லை. தாளில் கணக்குப் போட்டபோதுதான் காரணம் புரிந்தது. முன்னால் விழும் இழுவை இரு பக்கங்களுக்கும் பாதிப்பாதியாகப் பிரிகிறது. அந்தப் பாதியும் பிடரியை அடைவதற்குள் கழுத்தைக் கால்சுற்று சுற்றுகிறது. உராய்வுக் கெழு 0.3 ஆனால் கால்சுற்றில் எஞ்சுவது 62 விழுக்காடு. பாட்டில்கள் 4 கிலோ என்றால் பிடரியில் உள்ள பூட்டுக்குத் தெரிவது ஒன்றேகால் கிலோ மட்டுமே. பூட்டு அசையாமல் இருக்கும்போதே பிள்ளையின் தொண்டைப் பக்கங்கள் முழு இழுவையைத் தாங்கிக்கொண்டிருக்கும். பூட்டை முடிச்சுக்கு அருகே, காலர் மடிப்புக்குள் மறையும்படி நகர்த்திய பிறகு, இரண்டாவது பாட்டில் பாதி நிரம்பும்போதே பட்டென்று விட்டுவிட்டது.

மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்ற பேரன் ஒரு நொடியில் குறையைக் கண்டுபிடித்தான். "தாத்தா, முடிச்சுல கோடு தப்பா ஓடுது." கையால் கட்டிய டையில் அகல நுனி முடிச்சின் முன்புறத்தைக் குறுக்காகக் கடப்பதால், அங்கே கோடுகள் முன்பட்டையின் கோடுகளுக்கு எதிர்ச்சாய்வில் விழும், நான் துணியைத் திருப்பாமல் ஒரே சாய்வில் தைத்திருந்தேன். பிரித்துத் தைக்க இன்னொரு மாலை ஆனது.